ஆமிர் சாஹிபும் அஃப்ஷார் தெருக்களும்

2016இலிருந்து 2018 வரை டெல்லியில் போகல் பக்கம் குடியிருந்தேன். அந்த இரண்டு வருஷமும் காலைச் சாப்பாடு பெரும்பாலும் ஆப்கான் ரொட்டிதான். லாஜ்பத் நகர், போகல் தெருக்களில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். வைத்தியத்துக்கு வந்தவர்கள், அகதிகளாக வந்தவர்கள், மருத்துவமனைகளில் அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்பவர்கள், இவர்கள் எல்லோரையும் நம்பிக் கடை போட்டவர்கள். எங்கள் சந்து முனையில் இருந்த ரொட்டிக் கடையில் முழங்கை நீளத்துக்கு ரொட்டி சுட்டு, செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். கல்லாவுக்கு மேலே ஒரு படம் மாட்டியிருந்தது. சாய்த்து வைத்த கம்பளித் தொப்பி, நெற்றியில் கோடுகள், தூரத்தில் எதையோ பார்க்கும் கண்கள்.

முதல் நாளே அடையாளம் கண்டுகொண்டேன். "அகமது ஷா மசூத்" என்றேன். கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமிர் சாஹிப்" என்று சொல்லி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவருடைய சொந்தப் பள்ளத்தாக்கான பஞ்ச்ஷீரின் ஆட்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவர் காசு வாங்கவில்லை.

எனக்கு அந்த முகம் புதிதல்ல. 2001 செப்டம்பரில் நான் கல்லூரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். நியூயார்க் கோபுரங்கள் விழுந்த பிறகு வந்த பத்திரிகைகளில் ஒரு பெட்டிச் செய்தி, அதற்கு இரண்டு நாள் முன்னால் ஆப்கானிஸ்தானின் வடக்கு மூலையில் கொல்லப்பட்ட ஒரு மனிதரைப் பற்றி. சோவியத் படையை ஒரு பள்ளத்தாக்கில் இருந்துகொண்டே எதிர்த்தவர், தாலிபானிடம் கடைசி வரை பணியாதவர், பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதைகளையும் சதுரங்கத்தையும் விரும்பியவர். அந்த வயதில் வேறென்ன வேண்டும்? படத்தை வெட்டி விடுதி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். அதன் பிறகு பல வருஷம் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். வாசித்ததில் பெரும்பகுதி அவரை நேசித்தவர்கள் எழுதியது.

எங்கள் கட்டிடத்தின் மேல்மாடியில் ஒரு ஹசாராப் பெண்மணி இருந்தார். மேற்குக் காபூலைச் சேர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பு வேலை. அவர் எங்கள் முனைக் கடையில் ரொட்டி வாங்கி நான் பார்த்ததே இல்லை. குளிரில், மூடுபனியில், இரண்டு தெரு தள்ளிப் போய் வாங்கி வருவார். ஒருநாள் மாடிப்படியில் பார்த்தபோது, "இங்கேயே இருக்கிறதே, ஏன் அவ்வளவு தூரம் போகிறீர்கள் ஆபா?" என்று இந்தியில் கேட்டேன். எங்கள் பேச்சு எப்போதும் இந்தியில்தான்.

"உங்களுக்கு அஃப்ஷார் தெரியுமா பாய்?" என்று கேட்டார்.

தெரியாது. பதினைந்து வருஷம் அந்த மனிதரைப் பற்றி வாசித்தும் தெரியாது. வாசித்த புத்தகங்களில் அந்தப் பெயர் வராமல் இருந்திருக்காது. ஒரு வரியில் வந்திருக்கும், நான் தாண்டிப் போயிருப்பேன். அவருடைய தாய்மாமனை 1993 பிப்ரவரியில் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையை இவ்வளவு வருஷம் கழித்து எழுதக் காரணம் அந்த மாடிப்படிக் கேள்விதான்.

மசூதின் பெருமை பொய்யல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காபூலிலிருந்து வடக்கே சோவியத் எல்லைக்குப் போகும் சாலை இந்துகுஷ் மலையை சலாங்கில் தாண்டுகிறது. சோவியத் பொறியாளர்கள் குடைந்து 1964இல் திறந்த சுரங்கப்பாதை, இரண்டரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளம். 1979 டிசம்பரில் படையெடுத்து வந்த சோவியத் 40ஆவது படைக்கு டீசல், மாவு, வெடிகுண்டு எல்லாம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கின் வாய் அந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு ராணுவ அதிகாரியின் மகன், காபூலில் பிரெஞ்சு வழிப் பள்ளியான இஸ்திக்லாலில் படித்து, பாலிடெக்னிக்கில் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர், இருபத்தாறு வயதில் கொஞ்சம் பேரோடு அந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்து, உலகத்தின் மிகப் பெரிய ராணுவங்களில் ஒன்றின் கழுத்து நரம்பில் கை வைத்தார்.

1980க்கும் 1985க்கும் இடையில் பஞ்ச்ஷீர் மீது ஒன்பது பெரிய தாக்குதல்கள் நடந்தன. ஒவ்வொரு முறையும் டாங்கிகள் ஆற்றோரச் சாலையில் ஏறி வரும், ஹெலிகாப்டர்கள் மேட்டில் ஆட்களை இறக்கும், கிராமங்கள் இடியும். மசூதின் ஆட்கள் பக்கவாட்டுப் பள்ளங்களுக்குள் ஒதுங்கிக் காத்திருந்து, படை களைத்ததும் அடிப்பார்கள். 1984 வசந்தத்தில் வந்த பெருந்தாக்குதலுக்கு முன்பே தகவல் தெரிந்து பள்ளத்தாக்கு மக்களை வெளியேற்றினார். குண்டுகள் காலி வீடுகள் மீது விழுந்தன. எங்கள் ரொட்டிக் கடைக்காரரின் அம்மா அப்படி வெளியேறியவர்களில் ஒருவர். அப்போது இவர் கைக்குழந்தை. "அந்த உத்தரவு இல்லையென்றால் நான் இல்லை" என்று அவர் சொல்லும்போது அதில் துளியும் மிகை இல்லை.

பிரெஞ்சு மருத்துவர்களும் படம் எடுப்பவர்களும் பாகிஸ்தான் எல்லையிலிருந்து பல நாள் மலையேறி அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். பிரெஞ்சில் பேசக்கூடிய, அமைதியான, படம் எடுத்தால் அழகாக விழும் ஒரு தளபதி அங்கே இருந்தார். நாம் இன்று காணும் மசூதின் முகம் பெரும்பாலும் அவர்கள் எடுத்தது. காபூலின் மேற்குப் பகுதியை 1993இல் அதே கனிவோடு படமெடுத்தவர்கள் அதிகம் இல்லை.

கூட்டணிகள், உடன்பாடுகள் என்ற விஷயம் அவர் வாழ்க்கையில் சீக்கிரமே தொடங்கிவிட்டது. 1983 தொடக்கத்தில் அவர் சோவியத் படையோடு போர்நிறுத்தம் செய்துகொண்டார். சோவியத் ராணுவ உளவுத்துறை அதிகாரி ஒருவர் பள்ளத்தாக்குக்குள் வந்து நேரில் பேசினார். ஏறத்தாழ ஓராண்டு பஞ்ச்ஷீரில் குண்டு விழவில்லை. சோவியத்தை எதிர்த்த மற்ற முஜாஹிதீன் குழுக்கள் துரோகி என்றன. மசூதுக்குப் போட்டியான முஜாஹிதீன் தலைவர் ஹெக்மத்யாரின் ஆட்கள் இன்றுவரை சொல்லிக்காட்டுவது அதைத்தான்.

நான் அதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. வயல்கள் எரிந்து, பஞ்சம் வாசலில் நின்ற நேரம். அந்த இடைவெளியில் அவர் மக்களைக் காப்பாற்றினார், பக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்கு ஆள் அனுப்பினார், வடக்கு முழுவதையும் இணைக்கும் ஷூரா-எ-நசார் என்ற அமைப்புக்கு அடிபோட்டார். ஆனால் ஒரு விஷயத்தைக் கூடவே சொல்ல வேண்டும். சோவியத்தோடு சண்டை நின்றிருந்த அந்த மாதங்களில்தான் ஹெக்மத்யார் கட்சியின் பிடியில் இருந்த அந்தராப் பள்ளத்தாக்கை அவர் கைப்பற்றினார். அந்நியனோடு சமாதானம், அண்டை ஊர்க்காரனோடு போர். அதற்கும் காரணம் இருந்தது, அந்தராபிலிருந்து அவரைத் தொடர்ந்து குத்திக்கொண்டிருந்தார்கள். அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அதுதான் அவரைப் பற்றி யோசிப்பதைக் கடினமாக்குகிறது.

1989இல் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், பின்னால் தேவைப்படும். சோவியத் படை பிப்ரவரியில் வெளியேறிவிட்டது. ஜூலையில், தக்கார் மாகாணத்தின் ஃபர்கார் பள்ளத்தாக்கில், மசூதின் தளபதிகள் சுமார் முப்பது பேரை ஹெக்மத்யார் கட்சித் தளபதி சயீத் ஜமால் வழிமறித்துக் கொன்றார். பத்து வருஷம் கூடவே போராடிய ஆட்கள். மசூத் சயீத் ஜமாலைத் தேடிப் பிடித்தார், விசாரணை நடத்தினார், டிசம்பரில் தாலுகான் நகரில் தூக்கிலிட்டார். தன் ஆட்களைக் கொன்றவனைத் தண்டிக்கும் சக்தியும் மனமும் ஏற்பாடும் அவரிடம் இருந்தன.

சரி, காபூலுக்கு வருவோம்.

1992 ஏப்ரலில், சோவியத் ஆதரவில் நின்றிருந்த நஜிபுல்லாவின் அரசு சரிந்தது. அதைச் சரித்தது முஜாஹிதீன் மட்டுமல்ல. நஜிபுல்லாவின் சம்பளத்தில் வடக்கே போராளிகளை அடித்துக்கொண்டிருந்த உஸ்பெக் தளபதி தோஸ்தும் கட்சி மாறி மசூதோடு சேர்ந்தார். நேற்று வரை எதிரி. தெற்கே ஹெக்மத்யார் தன் படையோடு நகருக்குள் நுழையத் துடித்துக்கொண்டிருந்தார். பாகிஸ்தான் உளவுத்துறையின் ஆயுதங்களிலும் பணத்திலும் பெரும்பங்கு வாங்கி வளர்ந்தவர் அவர். மசூத் அவரோடு வயர்லெஸ்ஸில் பேசி, பலத்தால் நுழைய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மறுபக்கம் மசியவில்லை. முஜாஹிதீன் கட்சிகள் ஆட்சியைப் பங்கிட்டுக்கொண்ட பெஷாவர் ஒப்பந்தப்படி மசூத் பாதுகாப்பு அமைச்சரானார். ஹெக்மத்யாரின் ராக்கெட்டுகள் நகரத்தின் மேல் விழத் தொடங்கின. அந்த ஆகஸ்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். காபூலைத் தூளாக்கியதில் முதல் பொறுப்பு ஹெக்மத்யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ராக்கெட் விழுந்த நகரத்துக்குள் இன்னொரு போரும் நடந்தது. மேற்குக் காபூலில் ஹசாராக்களின் கட்சியான ஹிஸ்ப்-எ-வஹ்தத், அப்துல் அலி மசாரியின் தலைமையில். அவர்களுக்கு அந்தப்பக்கம், பக்மான் மலையடிவாரத்தில், அப்துல் ரசூல் சய்யாஃபின் இத்திஹாத்-எ-இஸ்லாமி. சய்யாஃப் சவுதிப் பணத்தில் வளர்ந்தவர், அரபு நாடுகளிலிருந்து வந்த போராளிகளுக்கு முகாம் கொடுத்தவர். ஷியாக்களை முஸ்லிம்களாகவே மதிக்காத போதனை அவர் படையில் ஊறியிருந்தது. ஹசாராக்களில் பெரும்பாலோர் ஷியாக்கள். 1890களில் அமீர் அப்துர் ரஹ்மான் காலத்தில் கொன்றும் துரத்தியும் அடிமைகளாக விற்றும் அழிக்கப்பட்ட இனம் அது. பெஷாவர் ஒப்பந்தத்தில் தங்களுக்கு இடம் இல்லாமல் போனதை மசாரி மறக்கவில்லை. தங்கள் மக்கள் இனி யாருக்கும் பணிந்து போகமாட்டார்கள் என்று துப்பாக்கியோடு நின்றார். அவருடைய ஆட்களும் பஷ்தூன்களையும் தாஜிக்குகளையும் கடத்தினார்கள், சித்திரவதை செய்தார்கள், கொன்றார்கள். 1992 மே மாதத்திலிருந்தே இத்திஹாதும் வஹ்தத்தும் ஒருவர் மக்களை மற்றவர் தெருவில் பிடித்து, முகத்தையும் மொழியையும் வைத்து இனம் பார்த்து, கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

மசூத் சய்யாஃபோடு சேர்ந்தார். ராணுவக் கணக்கு எளிது. நகர மையம் மசூதிடம், பக்மான் சய்யாஃபிடம், நடுவே வஹ்தத். அதோடு ஜனாதிபதி ரப்பானி, மசூத் இருவரும் தாஜிக்குகள். அவர்கள் பக்கம் நின்ற பெரிய பஷ்தூன் தலைவர் சய்யாஃப்தான். அவரையும் இழந்தால் அது வெறும் தாஜிக் அரசாகிவிடும். மசாரியோ அதற்குள் ஹெக்மத்யாரோடு கைகோத்துவிட்டார். வரைபடத்தை முன்னால் விரித்து வைத்துப் பார்த்தால் அந்த முடிவு புரிகிறது.

வரைபடத்தில் அஃப்ஷார் என்பது மலைச்சரிவில் ஒரு குடியிருப்பு. மண் வீடுகள், குறுகிய சந்துகள், பெரும்பாலும் ஹசாராக்களும் மற்ற ஷியாக்களும். அதன் அருகே சமூக அறிவியல் கல்விக்கழகக் கட்டிடத்தில் வஹ்தத்தின் தலைமையகம். மசூத் படித்த பாலிடெக்னிக்கும் நகரத்தின் அந்தப் பக்கம்தான். கல்லூரிப் பையனாக அவர் அந்தச் சரிவை நிச்சயம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

1993 பிப்ரவரி 11, ஆப்கான் நாட்காட்டியில் தல்வ் மாதம் 22. விடியுமுன் மலைமேட்டிலிருந்து பீரங்கிகள் முழங்கின. ஒரு பக்கம் மசூதின் படை, மறுபக்கம் இத்திஹாத். மதியம் ஆவதற்குள் தலைமையகம் விழுந்துவிட்டது. மசாரி நடந்தே தப்பிவிட்டார். போர் என்று சொல்லக்கூடியது அதோடு முடிந்தது. அதன் பிறகு அன்றும் மறுநாளும் நடந்தது வேறு. வீடு வீடாகப் புகுந்தார்கள். ஆண்களைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள், சிலரை அங்கேயே சுட்டார்கள். பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். கதவு, ஜன்னல் சட்டம், உத்தரம் வரை பிடுங்கிக்கொண்டு போனார்கள். இதில் முன்னால் நின்றது இத்திஹாத் ஆட்கள். மசூதின் கட்சியான ஜமியத்தின் ஆட்களும் இருந்தார்கள். பின்னால் சாட்சிகளிடம் விசாரித்த ஆப்கானிஸ்தான் நீதித் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, இத்திஹாத் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்கள் மட்டும் 700க்கும் மேல். தெருக்களில் கொல்லப்பட்டவர்கள் எழுபது, எண்பது பேர்.

மறுநாள், பிப்ரவரி 12, இன்டர்கான்டினென்டல் ஹோட்டலில் மசூத் ஒரு கூட்டம் கூட்டினார். ரப்பானி, சய்யாஃப், சில ஷியாத் தலைவர்கள் எல்லோரும் வந்தார்கள். கொலையும் கொள்ளையும் நிறுத்தப்பட வேண்டும், தாக்கிய படைகள் பின்வாங்க வேண்டும் என்று முடிவானது. அந்த ஹோட்டல் இருப்பது அஃப்ஷாருக்கு வெகு அருகில் ஒரு குன்றின் மேல். கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே கீழே கொள்ளை நடந்தது.

மசூதை நேசிப்பவர்கள் இந்த இடத்தில் சொல்வது, அவர் கொல்லச் சொல்லி உத்தரவிடவில்லை, நிறுத்தத்தான் உத்தரவிட்டார் என்பது. நானும் ரொம்ப நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படுகொலை செய்யும்படி அவர் உத்தரவிட்டதாக எனக்குத் தெரிந்த எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் எட்டு மாதமாக அதே தெருக்களில் இத்திஹாத் ஆட்கள் ஹசாராக்களை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பாதுகாப்பு அமைச்சருக்குத் தெரியாதா? தெரியும். காபூலில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் அவர்களை அந்தச் சந்துகளுக்குள் அனுப்பும் திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். தலைமையகத்தைப் பிடிக்க சய்யாஃபின் உதவி தேவைப்பட்டது, அந்த உதவிக்கு விலை உண்டு. விலையைக் கொடுத்தது மசூத் இல்லை, அஃப்ஷார்வாசிகள்.

இன்னொன்று என்னை அதைவிட அதிகமாக உறுத்துகிறது. முப்பது தளபதிகளைக் கொன்ற சயீத் ஜமாலை அவர் தேடிப் பிடித்துத் தூக்கிலிட்டார். அஃப்ஷாருக்காக எந்தத் தளபதியும் தூக்கு மேடை ஏறவில்லை. சய்யாஃப் கூட்டாளியாகவே தொடர்ந்தார். கடைசி வரை.

அஃப்ஷார் ஒரு தடவை நடந்த சறுக்கல் என்று சொல்லவும் முடியவில்லை. 1995 மார்ச்சில் மசூதின் படை வஹ்தத்தின் பிடியில் இருந்த கர்தே-சே பகுதியைக் கைப்பற்றியபோது, அங்கேயும் கொள்ளையும் பலாத்காரமும் நடந்தது பதிவாகியிருக்கிறது. அதே மாதம் மசாரி தாலிபானோடு பேசப்போய், அவர்களிடம் சிக்கி, உயிரிழந்தார். பனியில் நாள்கணக்காக அவர் உடலைத் தோளில் சுமந்து வடக்கே கொண்டுபோனார்கள் ஹசாராக்கள். மேல்மாடி ஆபாவின் அறையில் மசாரியின் படம் ஒன்று இருந்தது. இரண்டு மாடி இடைவெளியில் இரண்டு படங்கள், இரண்டு பேரும் தாலிபானை நம்பியோ எதிர்த்தோ செத்தவர்கள்.

1992இலிருந்து 1996 வரை காபூலில் செத்தவர்கள் பல்லாயிரம். அந்தக் கூட்டணிகளை வரிசையாகச் சொன்னாலே தலை சுற்றும். மசூதோடு வந்த தோஸ்தும், 1994 புத்தாண்டு நாளில் ஹெக்மத்யாரோடு சேர்ந்து மசூதைத் தாக்கினார். நகரத்தை ராக்கெட்டால் துளைத்த ஹெக்மத்யார், 1996 ஜூனில் அதே அரசில் பிரதமராக வந்து உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் தாலிபான் வந்துவிட்டது. மசூத் காபூலுக்குள் நின்று தெருச்சண்டை போடாமல் பஞ்ச்ஷீருக்குப் பின்வாங்கினார். போகும்போது ஐ.நா. வளாகத்தில் நான்கு வருஷமாக அடைந்துகிடந்த நஜிபுல்லாவிடம் கூட வந்துவிடும்படி ஆள் அனுப்பினார். பழைய எதிரி. நஜிபுல்லா மறுத்தார், தாலிபான் அவரைக் கொன்று கம்பத்தில் தொங்கவிட்டது.

அதற்குப் பிந்தைய ஐந்து வருஷம்தான் அவருடைய மிகப் பெரிய வருஷங்கள் என்று நினைக்கிறேன், இன்றும். ஒவ்வொரு தலைவராக நாட்டை விட்டுப் போனார்கள். இவர் போகவில்லை. தாஜிக், உஸ்பெக், ஹசாரா, பஷ்தூன் என்று மறுபடி ஒரு முன்னணியைக் கட்டினார். தோஸ்துமும் அதில் உண்டு, வஹ்தத்தின் கரீம் கலீலியும் உண்டு. அஃப்ஷார் நடந்து சில வருஷத்திலேயே ஹசாராக் கட்சி அவரோடு சேர்ந்ததைப் பார்த்து, "அவர்களே மன்னித்துவிட்டார்களே" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தாலிபான் 1998இல் மசார்-இ-ஷரீஃபில் ஹசாராக்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. வேறு எங்கே போவார்கள்? ஆபாவிடம் இதைக் கேட்டபோது, "மன்னிப்பு என்பது கேட்டால்தானே கொடுக்க முடியும்" என்றார்.

பணமும் ஆயுதமும் ஈரானிலிருந்து வந்தன. ரஷ்யாவிலிருந்தும் வந்தன, அவருடைய பள்ளத்தாக்கை ஒன்பது முறை எரித்த அதே ராணுவத்திடமிருந்து. இந்தியாவும் கொடுத்தது. தாஜிகிஸ்தானில் எல்லையோரம் ஃபர்கோரில் இந்தியா ஒரு மருத்துவமனை நடத்தியது, துஷான்பேயில் இருந்த நம் தூதரகம் வழியாக மருந்தும் மற்ற உதவிகளும் போயின. எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த நேரத்தில் அங்கே தாலிபானுக்குத் தடையாக நின்றது அவர் ஒருவர்தான். பெண்களின் உரிமைப் பிரகடனம் ஒன்றில் கையெழுத்திட்டார். 2001 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வந்து, இந்த நெருப்பு எங்களோடு நிற்காது, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வரும் என்று எச்சரித்தார். கேட்டவர்கள் கைதட்டி அனுப்பி வைத்தார்கள்.

செப்டம்பர் 9. க்வாஜா பஹாவுதீன் என்ற ஊர், தக்கார் மாகாணம். அரபுப் பத்திரிகையாளர்கள் என்று சொல்லிக்கொண்டு பெல்ஜியக் கடவுச்சீட்டோடு வந்த இரண்டு துனிசியர்கள், படமெடுக்கும் கருவியில் வைத்த வெடிகுண்டால் அவரைக் கொன்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மசூத் கலீலி, அப்போது டெல்லியில் ஆப்கான் தூதர், மசூதின் நெடுநாள் நண்பர். முந்தைய இரவு இருவரும் ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பைத் திறந்து குறி பார்த்திருக்கிறார்கள். அன்று காலை கலீலியின் கடவுச்சீட்டை எடுத்து அவருடைய சட்டைப் பையில் வைத்தது மசூத்தான். இதயத்துக்கு நேரே வந்த சில்லுகளை அந்தச் சீட்டு தடுத்தது என்று கலீலி பிறகு சொன்னார். மசூதை ஹெலிகாப்டரில் ஃபர்கோருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் மிஞ்சவில்லை.

அந்தக் கொலையாளிகள் எந்த வழியாக மசூதிடம் வந்து சேர்ந்தார்கள் என்பதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்களுக்காகத் தொலைபேசியில் பேசியவன் ஒரு எகிப்தியன். அவன் பேசியது சய்யாஃபிடம், சோவியத் போர்க்காலத்து அரபுத் தொடர்பை வைத்து. சய்யாஃப் ஏற்பாடு செய்தார். தாலிபான் பகுதியிலிருந்து எல்லை தாண்டிய இருவரும் முதலில் தங்கியது அவருடைய விருந்தினராக. அவருக்குச் சதி தெரியும் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் கிடையாது. 1980களில் அரபுகளுக்கு முகாம் கொடுத்த மனிதர் அவர், அந்தப் பழைய பழக்கத்தில் இவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார். அஃப்ஷாருக்குள் மசூதோடு நுழைந்த அதே கூட்டாளியின் வாசல் வழியாகத்தான் மசூதின் மரணமும் வந்தது.

அப்புறம் அவர் படமானார். காபூல் விமான நிலையச் சாலையில், அமைச்சகச் சுவர்களில், கார்க் கண்ணாடிகளில் படம். தேசிய வீரர் என்று அரசு அறிவித்தது, செப்டம்பர் 9 விடுமுறை நாளானது. அவருடைய தளபதிகள் அமைச்சர்களானார்கள். சய்யாஃப் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2005இல் ஆப்கான் மனித உரிமை ஆணையம் நாடு முழுக்க 4,000க்கும் மேற்பட்டோரிடம் கேட்டு ஒரு அறிக்கை வெளியிட்டது. தானோ தன் நெருங்கிய குடும்பமோ போர்க் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 69 சதவீதம். நீதி வேண்டும் என்று அவர்களில் பெரும்பாலோர் கேட்டார்கள். இரண்டே வருஷத்தில் நாடாளுமன்றம் எல்லோருக்கும் பொது மன்னிப்புச் சட்டம் நிறைவேற்றியது. அதே ஆணையம் வருஷக்கணக்கில் உழைத்துத் தயாரித்த பெரிய அறிக்கை, யார் எங்கே என்ன செய்தார்கள் என்ற விவரம், கடைசி வரை வெளியே வரவில்லை. மன்னிப்பு வாங்கியவர்கள் வரிசையில் மசூதின் பெயரும் நிழலாக இருந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் அஃப்ஷாருக்குப் பதில் சொல்லியிருப்பாரோ என்னவோ. செத்துப்போனதால் அவரைக் கேள்வி கேட்பதே அவமரியாதை என்றாகிவிட்டது, அவர் பெயரால் மற்றவர்களும் தப்பித்துக்கொண்டார்கள்.

2017 மே மாதம் ஹெக்மத்யார் அரசு மரியாதையோடு காபூலுக்குத் திரும்பி வந்தார். அன்றைக்கு ரொட்டிக் கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் மாவைப் பலகையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். "ராக்கெட் போட்டவனுக்கு மாலை போடுகிறார்கள், பார்த்தீர்களா பாய்?" என்றார். அன்றைக்குத்தான் நான் கேட்டேன், அஃப்ஷாரைப் பற்றி. அவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. "அது சண்டைக் காலம்" என்றார். பிறகு, "அது சய்யாஃபின் ஆட்கள்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "ஆமிர் சாஹிபுக்கு அது தெரிந்திருக்கக் கூடாது" என்றார். தெரியாது என்று அவர் சொல்லவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஆப்கானியர்கள் இறந்தவர்களின் பெயரால் அல்வா கிண்டிப் பங்கிடுவார்கள். செப்டம்பர் 9 அன்று கடைக்காரர் மாவும் நெய்யும் ஏலக்காயும் சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் கிண்டி, ரொட்டியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார். நான் இரண்டு வருஷமும் வாங்கிச் சாப்பிட்டேன். 2018 பிப்ரவரியில் ஒரு மாலை ஆபா என் கதவைத் தட்டி ஒரு தட்டு நீட்டினார். அதே அல்வா, அதே ஏலக்காய் வாசம். தல்வ் 22 என்றார். மாமாவின் பெயரைச் சொன்னார். அதுவரை சொன்னதில்லை.

தட்டை மூடிக் கொடுத்திருந்த ரொட்டி இரண்டு தெரு தள்ளியிருந்த கடையில் வாங்கியது. அவர் சால்வைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்ததால் இன்னும் சூடாக இருந்தது.